இது என்ன வண்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசியை நீட்டி "இது என்ன வண்டு?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரு தடவை உட்கார்ந்து பதிலை எழுதி வைத்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

நான் பார்த்தது வண்டுதானா?

தமிழில் இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். பாட்டிலும் பேச்சிலும் பூவைச் சுற்றி ரீங்காரமிடும் "வண்டு" பெரும்பாலும் தேனீக் கூட்டத்தைச் சேர்ந்தது. மரத்தைக் குடைந்து கூடு வைக்கும் பெரிய கருவண்டும் ஒரு தேனீதான். இங்கே வண்டு என்று நான் சொல்வது முதுகில் ஓடு போர்த்திய பூச்சியை மட்டும்.

அந்த ஓடு உண்மையில் கெட்டிப்பட்டுப்போன முன்னிறக்கை. பறக்க உதவும் மெல்லிய பின்னிறக்கை அதற்கு அடியில் மடிந்து கிடக்கும். இந்த வரிசைக்கு அறிவியலில் கோலியோப்டெரா என்று பெயர். கிரேக்க மொழியில் உறைபோன்ற இறக்கை என்று பொருள். அரிஸ்டாட்டிலே பயன்படுத்திய சொல். இரண்டு ஓடுகளும் முதுகின் நடுவில் முட்டிக்கொண்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகச் சந்திக்கும். முதலில் அந்த நடுக்கோட்டைத் தேடுங்கள்.

அடிக்கடி ஏமாற்றுவது நாவாய்ப்பூச்சி. அதன் முதுகில் ஒரு முக்கோணத் தகடு பளிச்சென்று தெரியும். அதற்குப் பின்னால் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், நுனி சவ்வுபோல் இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் தாடைக்குப் பதிலாக ஊசிமாதிரி ஒரு உறிஞ்சுகுழல் வயிற்றுப் பக்கமாக மடிந்திருக்கும். வண்டுக்கு இருப்பது கடித்து மெல்லும் தாடை. கரப்பானுக்கும் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும், நடுவில் நேர்க்கோடு வராது.

ஓடு குட்டையாக இருந்து பாதி வயிறு வெளியே தெரிந்தால் குழப்பம் வரும். குட்டையிறக்கை வண்டுகள் அப்படித்தான் இருக்கும். ஆனால் வால் நுனியில் இடுக்கி இருந்தால் அது வண்டு இல்லை, வேறு வரிசை.

இனத்தின் பெயர் சொல்ல ஏன் இவ்வளவு தயங்குகிறீர்கள்?

எண்ணிக்கையால். இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட வண்டு இனங்கள் சுமார் 4,00,000. பெயரிடப்பட்ட விலங்குகளை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் ஏறக்குறைய நான்கில் ஒன்று வண்டாக இருக்கும். பெயர் பெறாதவை எத்தனை என்பது தனிக்கதை. டெர்ரி எர்வின் என்ற ஆய்வாளர் பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களுக்குப் பூச்சிமருந்துப் புகை போட்டுக் கீழே விழுந்ததை எண்ணினார். வண்டுகள் மட்டுமே ஆயிரம் இனங்களுக்கு மேல் தேறின. அந்தக் கணக்கை வைத்து 1982-இல் அவர், வெப்பமண்டலத்தில் மூன்று கோடி கணுக்காலி இனங்கள் (பூச்சி, சிலந்தி போன்றவை) இருக்கலாம் என்றார். அந்தப் பெருக்கல் அதிகம் என்று பிற்பாடு பலர் வாதிட்டார்கள். ஆனால் அந்த மரங்களிலிருந்து விழுந்த வண்டுகளை யாரும் மறுக்கவில்லை.

அதனால் நான் பின்பற்றும் வழக்கம் இதுதான்: ஆதாரம் எங்கே நிற்கிறதோ அங்கேயே பெயரும் நிற்க வேண்டும். "இது ஒரு தரை வண்டு, குடும்பம் கராபிடே, அதற்கு மேல் இந்தப் படத்தில் தெரியவில்லை" என்பது முழுமையான பதில். கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரியும். தப்பான இனப்பெயரை விடச் சரியான குடும்பப்பெயர் எவ்வளவோ மேல். தப்பான பெயர் ஒரு தடவை ஏறிவிட்டால் அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார், அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார்.

சரி, குடும்பத்தைக் கண்டுபிடிக்க எங்கே ஆரம்பிப்பது?

உணர்கொம்பில். புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதுகின் நிறத்தைப் பார்க்கிறார்கள். பழகியவர்கள் தலையைப் பார்க்கிறார்கள். பெரும்பாலான வண்டுகளின் உணர்கொம்பில் 11 கணுக்கள் உண்டு. அந்தக் கணுக்கள் எந்த வடிவில் இருக்கின்றன என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கொம்பு நூல்மாதிரி ஒரே சீராக இருந்து, கால்கள் நீண்டு, ஆள் வேகமாக ஓடினால் தரை வண்டு அல்லது புலி வண்டு என்று தொடங்கலாம். நுனியில் விசிறி மடிப்புபோல் தகடுகள் இருந்தால் அது ஸ்காராபிடே: சாணி வண்டு, காண்டாமிருக வண்டு, பூ வண்டுகள் எல்லாம் இந்தப் பெரிய வீட்டுக்காரர்கள். அந்தத் தகடுகளை அது விரித்து மூடுவதை லென்ஸில் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. மான்கொம்பு வண்டுக்கும் தகடு உண்டு, ஆனால் மூடித் திறக்காது; கொம்பும் முழங்கைபோல் மடங்கியிருக்கும். கொம்பு முழங்கைபோல் மடங்கி, அது ஒரு நீண்ட மூக்கின்மேல் முளைத்திருந்தால் கூன்வண்டு. அந்த மூக்கு மூக்கே இல்லை, நீண்டுபோன தலை. வாய் அதன் நுனியில் இருக்கிறது.

ரம்பப் பல்போல் கொம்பு இருந்து, உடம்பு படகுபோல் நீண்டு உலோகப் பளபளப்புடன் இருந்தால் பொன்வண்டுக் குடும்பம். கொம்பு உடம்பளவு, சில சமயம் உடம்பைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமாக இருந்தால் நீள்கொம்பு வண்டு. இதில் ஒரு பொறி உண்டு. குட்டைக் கொம்பு வைத்த நீள்கொம்பு வண்டுகளும், சற்றே நீண்ட கொம்பு வைத்த இலை வண்டுகளும் இருக்கின்றன. அப்போது கண்ணைப் பாருங்கள். பல நீள்கொம்பு வண்டுகளின் கண் வட்டமாக இருக்காது. கொம்பின் அடியைச் சுற்றிப் பிறைபோல் வளைந்திருக்கும்.

பாதத்தில் கணு எண்ணச் சொல்கிறார்களே, அதெல்லாம் அவசியமா?

சில சமயம் அது ஒன்றுதான் வழி. கறுப்பாக, நீள்வட்டமாக, பெரிய அடையாளம் எதுவும் இல்லாத ஒரு வண்டு கல்லுக்கடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வரும் படங்களில் இந்தக் "கறுப்பு வண்டு" தான் அதிகம். அது தரை வண்டாகவும் இருக்கலாம், டெனிப்ரியோனிடே என்ற இருள் வண்டுக் குடும்பமாகவும் இருக்கலாம். முதுகிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். உறவில் வெகுதூரம்.

நான் தொடக்கத்தில் இதே இடத்தில் நன்றாகச் சறுக்கியிருக்கிறேன். ஒரு கறுப்பு வண்டை மாதக்கணக்கில் தரை வண்டு என்றே எழுதி வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் அதைப் பஞ்சின்மேல் கவிழ்த்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் கால் நுனியை எண்ணினேன். முன்காலில் ஐந்து கணு. நடுக்காலில் ஐந்து. பின்காலில் நான்கு. இன்னொரு தடவை எண்ணினேன். நான்குதான். தரை வண்டுக்கு மூன்று ஜோடிக் காலிலும் ஐந்து ஐந்தாக இருக்க வேண்டும். ஐந்து, ஐந்து, நான்கு என்றால் அது இருள் வண்டுக் குடும்பத்துப் பக்கம். கொப்புள வண்டுகளுக்கும் இதே கணக்குதான்.

கவிழ்த்தது கவிழ்த்தாயிற்று, பின்கால் வயிற்றோடு சேருமிடத்தையும் பாருங்கள். தரை வண்டில் பின்காலின் அடித்தகடு வயிற்றின் முதல் வளையத்தை முழுக்கக் குறுக்கே வெட்டி இரண்டாகப் பிரிக்கும். பக்கத்திலேயே அவரை விதைபோல் புடைத்த ஒரு கணு இருக்கும். அடிஃபேகா என்ற துணைவரிசைக்கே உரிய அடையாளம் இது. தரை வண்டும் நீரில் முக்குளிக்கும் வண்டும் அதில்தான் வரும். மற்றபடி நீங்கள் பார்க்கப்போகும் பத்து இனங்களில் ஒன்பது பாலிஃபேகா என்ற இன்னொரு துணைவரிசை.

கணு எண்ணுவதிலும் ஒரு குறும்பு உண்டு. இலை வண்டு, நீள்கொம்பு வண்டு, கூன்வண்டு மூன்றுக்கும் நான்கு கணு இருப்பதுபோல் தெரியும். உண்மையில் ஐந்து. மூன்றாவது கணு இதய வடிவில் அகன்றிருக்க, நான்காவது பொடிசாக அதற்குள் ஒளிந்திருக்கும். பொறிவண்டுக்கு மூன்று போல் தெரியும், உண்மையில் நான்கு.

நிறத்தை வைத்து ஏன் சொல்லக் கூடாது?

சொல்லலாம், கடைசியாக. முதலில் நிறத்தைப் பிடித்தால் வழுக்கிவிடும். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறிப்போய், ஓடு மெத்தென்று இருக்கும். அதன் சொந்த நிறம் ஏற நேரமாகும். அந்த வேளையில் படம் எடுத்துவிட்டு "வெள்ளை வண்டு" என்று தேடினால் எதுவும் கிடைக்காது. தங்கத்தகடுபோல் மின்னும் ஆமை வண்டு செத்ததும் மங்கிப் பழுப்பாகிவிடும், ஏனென்றால் அந்த மினுமினுப்புக்கு ஓட்டுக்குள் இருக்கும் ஈரம் வேண்டும். ஹெர்குலிஸ் வண்டின் ஓடு காற்று உலர்ந்திருந்தால் மஞ்சள் கலந்த பச்சை, ஈரப்பதம் ஏறினால் கறுப்பு. பொன்வண்டின் பச்சை மட்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். அது சாயம் இல்லை, ஓட்டின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது வருவது.

ஒரே இனத்துக்குள்ளும் நிறம் மாறும். ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் என்ற பொறிவண்டை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியே இல்லாத ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பத்தொன்பது புள்ளியுடன் இருக்கும், கறுப்பு உடம்பில் இரண்டே இரண்டு சிவப்புப் பொட்டுடனும் இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்று இனம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். வேறு வேறு குடும்பத்து வண்டுகள் ஒரே உடையைப் போட்டுக்கொள்ளும். நச்சுள்ள ஒரு சிவப்பு வண்டைப் பார்த்து நீள்கொம்பு வண்டு ஒன்று வேடம் போடும். பறவை ஏமாறுகிறதோ இல்லையோ, நாம் ஏமாறுவோம்.

பொறிவண்டின் புள்ளிகளை எண்ணினால் வயது தெரியுமா?

தெரியாது. முதிர்ந்த வண்டாக வெளிவந்த அன்று எத்தனை புள்ளியோ, சாகும்வரை அத்தனைதான். சில இனங்களில் எண்ணிக்கை இனத்தைச் சொல்லும். ஏழு புள்ளிப் பொறிவண்டு அப்படி. மேலே சொன்ன ஹார்மோனியாவில் அதுவும் உதவாது.

இன்னொன்று. பொறிவண்டு என்றாலே செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் நல்ல பிள்ளை என்ற நினைப்பு உண்டு. இலையைச் சுரண்டித் தின்னும் பொறிவண்டுகளும் இருக்கின்றன. ஓடு வழவழவென்று மின்னாமல், மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக இருந்து, உட்கார்ந்திருக்கும் இலை சல்லடையாக இருந்தால் அந்தக் கூட்டம் என்று சந்தேகப்படலாம்.

அதே மாதிரி ஒரு சின்ன வண்டும் பக்கத்தில் இருந்தது. அது குட்டியா?

வண்டில் குட்டி வண்டு என்று ஒன்று கிடையாது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பிறகு முழு வண்டு. வளர்ச்சியெல்லாம் புழுப் பருவத்தோடு சரி. ஓடு கெட்டிப்பட்ட பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. சின்னது வேறு இனமாக இருக்கலாம், அல்லது புழுவாக இருந்தபோது வயிறு நிறையாத அதே இனமாக இருக்கலாம். மான்கொம்பு வண்டில் ஒரே இனத்து ஆண்களில் ஒன்று இன்னொன்றில் பாதி அளவுகூட இருக்கும். அதனால் அளவு முக்கியம்தான், ஆனால் அதன்மேல் சத்தியம் செய்யக் கூடாது.

அளவின் இரண்டு ஓரங்களையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அமேசான் காட்டின் டைட்டானஸ் ஜைஜான்டியஸ் என்ற நீள்கொம்பு வண்டு 16 செ.மீ. தாண்டும். ஸ்கைடோசெல்லா முசவாசென்சிஸ் என்ற பொடி வண்டில் அளக்கப்பட்ட மிகச் சிறியது 0.325 மில்லிமீட்டர். இரண்டும் ஒரே வரிசை.

ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்?

கெட்டியான முட்டுக்கொம்பும் (உணர்கொம்பு இல்லை) பெரிய தாடையும் பெரும்பாலும் ஆணுக்கு. ஆனால் காண்டாமிருக வண்டான ஓரிக்டஸ் ரைனோசெரஸில் பெண்ணுக்கும் சின்னக் கொம்பு உண்டு. அங்கே பின்பக்கத்தைப் பாருங்கள்: வயிற்று நுனியில் செம்பழுப்பு ரோமம் தூரிகைபோல் அடர்ந்திருந்தால் பெண். ஐரோப்பாவின் மெலோலோந்தா வண்டில் உணர்கொம்பின் விசிறித் தகடுகளை எண்ணலாம்: ஆணுக்கு ஏழு, பெண்ணுக்கு ஆறு. சில மின்மினிகளில் பெண்ணுக்கு இறக்கையே இருக்காது, புழுபோல் தரையில் கிடந்து ஒளிரும். அதை ஆணோடு சேர்த்துப் பார்த்தால் ஒழிய ஒரே இனம் என்று நம்பத் தோன்றாது. மின்மினியும் வண்டுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

எப்படிப் படம் எடுத்தால் பெயர் சொல்ல வசதி?

அழகான படம் வேண்டாம், பயனுள்ள படம் வேண்டும். எனக்கு வருவதில் பாதி, இலைமேல் வண்டு தூரத்தில் பொட்டாகத் தெரியும் படம். மீதிப் பாதி முதுகு மட்டும் மிகத் தெளிவாக, தலை மங்கலாக.

நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று. முடிந்தால் அடிப்பக்கம். வண்டை ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டுக் கீழிருந்து எடுத்தாலே அடிப்பக்கம் கிடைத்துவிடும். உணர்கொம்பு இரண்டில் ஒன்றாவது நுனி வரை தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல், அது இல்லாவிட்டால் அளவு தெரிந்த ஏதாவது பொருள். உங்கள் விரல் வேண்டாம். உங்கள் விரல் எவ்வளவு பருமன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஓடிக்கொண்டே இருந்தால் மூடிய குப்பியோடு சில நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். சற்று மந்தமாகும், நீங்கள் படம் எடுத்து முடிப்பதற்குள் தெளிந்துவிடும். வெயில் நேராக விழுந்தால் பளபள ஓட்டில் வெள்ளைத் திட்டு மட்டும்தான் மிஞ்சும். அதைவிட மேகமூட்டம் தேவலை, இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளை நிழலுக்குப் பிடியுங்கள்.

அப்புறம், எங்கே இருந்தது என்பதை எழுதுங்கள். "தோட்டம்" போதாது. எந்தச் செடி, இலையின் மேலா அடியா, தின்றுகொண்டிருந்ததா, சாணத்திலா, பட்டைக்கடியிலா, இரவு விளக்குக்கு வந்ததா? இலை வண்டுகளிலும் கூன்வண்டுகளிலும் பல இனங்கள் ஒன்றிரண்டு வகைச் செடியை விட்டு நகராது. செடியின் பெயர் சரியாகத் தெரிந்தால் வண்டின் பெயருக்கான பட்டியல் நூறிலிருந்து ஐந்தாகச் சுருங்கும்.

நடத்தையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், இதுதான் எனக்குப் பிடித்த பகுதியும். படத்தில் வராத அடையாளங்கள் இவை.

நீண்டு ஒடுங்கிய ஒரு பழுப்பு வண்டை உள்ளங்கையில் மல்லாக்கப் போடுங்கள். கொஞ்ச நேரம் செத்ததுபோல் கிடக்கும். பிறகு தலையும் மார்பும் பின்னால் வளையும், முதுகு பாலம்போல் எழும்பும், "டக்" என்று ஒரு சத்தம், ஆள் காற்றில். உள்ளங்கையில் அந்த உதைப்பை உணரலாம். அது சொடுக்கு வண்டு. மார்புக்கடியில் இருக்கும் ஒரு முள், அடுத்த கண்டத்தின் பள்ளத்துக்குள் சட்டென்று விழுவதால் வரும் சொடுக்கு அது. முன்மார்பின் பின்மூலைகள் இரண்டும் கூர்மையாக நீட்டிக்கொண்டிருப்பதையும் பாருங்கள். இந்தச் சோதனைக்குப் பிறகு எலாடெரிடே குடும்பம் என்று துணிந்து எழுதலாம்.

வண்டு பறக்கக் கிளம்பும்போது ஓடுகளைத் தூக்கி விரிப்பதுதான் வழக்கம். ஓட்டைத் திறக்காமலே பறந்தால் அது பூ வண்டுத் துணைக்குடும்பமாக இருக்கலாம். ஓட்டின் பக்கத்து விளிம்பில் உள்ள வளைவு வழியாகவே பின்னிறக்கையை நீட்டிவிடும். வெறும் மணலில் ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடினால் புலி வண்டு. ஓடும் வேகத்தில் அதற்குக் கண் தெளிவாகத் தெரியாது, இரையைப் பார்க்க நிற்க வேண்டியிருக்கிறது. கையில் பிடித்ததும் கீச்கீச்சென்று சத்தம் போட்டால் நீள்கொம்பு வண்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நீரில் இருந்தால் கால் அசைவைக் கவனியுங்கள். முக்குளிக்கும் வண்டு இரண்டு பின்கால்களையும் ஒரே நேரத்தில் துடுப்புபோல் வலிக்கும். ஹைட்ரோஃபிலிடே என்ற வேறொரு நீர்வண்டுக் குடும்பம் ஒன்று மாற்றி ஒன்றாக, நடப்பதுபோல் நீந்தும். நீர்ப்பரப்பில் பைத்தியம் பிடித்ததுபோல் வட்டமடித்தால் சுழல் வண்டு. அதன் கண்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும்: மேல்பாதி காற்றைப் பார்க்க, கீழ்ப்பாதி தண்ணீருக்குள் பார்க்க.

புழுவை மட்டும் பார்த்தேன். அதைச் சொல்ல முடியுமா?

குடும்பம் வரை பல சமயம் முடியும். மண்ணுக்குள் அல்லது மட்கிய எருவில் கொழுத்து வளைந்து, பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் காலுமாகக் கிடந்தால் ஸ்காராபிடே பக்கம். கம்பிபோல் ஒடுங்கி, மஞ்சள் பழுப்பாக, தோல் கெட்டியாக இருந்தால் சொடுக்கு வண்டின் புழு. காலே இல்லாமல் தண்டுக்குள் இருந்தால் கூன்வண்டாக இருக்கலாம். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே குட்டி முதலைபோல் ஊர்வது பொறிவண்டின் புழு. இதை எதிரி என்று நினைத்து நசுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். வயிற்றுப் பகுதியில் சதைப்பற்றான போலிக்கால்கள் வரிசையாக இருந்தால் வண்டை மறந்துவிட்டு வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் பக்கம் தேடுங்கள்.

வண்டே இல்லை, மரத்தில் ஓட்டை மட்டும்தான் இருக்கிறது.

ஓட்டையின் வடிவத்தை அளந்து படம் எடுங்கள். ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் அரைவட்டமாக இருந்தால் பொன்வண்டுக் குடும்பம். சுத்தமான வட்டமும் விரல் நுழையும் அளவுமாக இருந்தால் பெரிய நீள்கொம்பு வண்டு. குண்டூசித் தலையளவு வட்டங்களும் மாவுபோல் தூளும் இருந்தால் மரத்தூள் வண்டுகள். வட அமெரிக்காவில் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் சாகடித்த அக்ரிலஸ் பிளானிபென்னிஸ் என்ற பச்சைப் பொன்வண்டு, 2002-இல் அங்கே முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அது விட்டுச் செல்வதும் அந்த அரைவட்ட ஓட்டையைத்தான், அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர். இப்படிப் பெயர்போன அயல் இனம் என்று சந்தேகம் வந்தால் படத்தோடு வனத்துறைக்கோ வேளாண் துறைக்கோ சொல்லுங்கள். அவசரப்பட்டு மரத்தை வெட்ட வேண்டாம், அப்பாவியான உறவுக்கார வண்டுகள் ஏராளம்.

கையில் எடுக்கலாமா?

பெரும்பாலானவற்றை எடுக்கலாம். இரண்டு கூட்டத்தை மட்டும் பார்த்ததும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒன்று கொப்புள வண்டு. தலைக்குப் பின்னால் கழுத்து ஒடுங்கி, ஓடு மெத்தென்று வளையும்படி, பல சமயம் கறுப்பில் ஆரஞ்சுப் பட்டைகளோடு இருக்கும். தொந்தரவு செய்தால் கால் மூட்டுகளிலிருந்து திரவம் கசியும். அதில் உள்ள கேந்தரிடின் தோலில் பட்டால் கொப்புளம் வரும். மற்றது பெடரஸ் என்ற குட்டையிறக்கை வண்டு, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி, எறும்புபோல் இருக்கும். கடிக்காது, கொட்டாது. ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் உடம்பில் உள்ள பெடரின் படும். அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் எரிச்சலும் கொப்புளமும். கழுத்தில் ஊர்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குண்டுவீச்சு வண்டு என்று தரை வண்டுக் குடும்பத்தில் ஒன்று உண்டு. வயிற்றுக்குள் இரண்டு ரசாயனங்களைக் கலந்து ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் பீய்ச்சும். விரல் நுனி கறுத்துப்போகும், வேறொன்றும் ஆகாது. எதையும் வாயில் மட்டும் போடாதீர்கள். சிரிக்காதீர்கள், சார்லஸ் டார்வின் போட்டார். பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது ஒன்று தெரிந்ததும் வலதுகை வண்டை வாயில் போட்டுக்கொள்ள, அது எரிச்சலான திரவத்தைக் கக்கியது. துப்பினார். அதுவும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று.

செயலியே பெயர் சொல்லிவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு?

நானும் ஐநேச்சுரலிஸ்ட் பயன்படுத்துகிறேன். குடும்பத்தைப் பெரும்பாலும் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் செயலிக்குப் பழகிய படங்களில் எந்த இனம் அதிகமோ, அதையே முதலில் நீட்டும். யாரும் அதிகம் படம் எடுக்காத இனத்துக்கும் பக்கத்து வீட்டுப் பிரபலத்தின் பெயரைச் சொல்லிவிடும். தயங்காமல் சொல்வதுதான் அதன் பிரச்சினை. முதல் பரிந்துரையைத் தட்டுவதற்கு முன் அந்த இனம் உங்கள் பகுதியில் உண்டா, அதன் நெருங்கிய உறவினர்கள் யார், அவர்களிடமிருந்து இதை எது பிரிக்கிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் ஒரு படி மேலே, பேரினத்தோடு நிறுத்துங்கள். இன்னொருவர் ஆமோதித்துவிட்டார் என்பதும் ஆதாரம் ஆகாது. அவரும் அதே செயலியைக் கேட்டிருக்கலாம்.

அப்படியானால் நிபுணர்கள் எப்படி உறுதி செய்கிறார்கள்?

பல பேரினங்களில் வெளித்தோற்றம் கைவிட்டுவிடும். அப்போது ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கெட்டியான அந்த உறுப்பின் வளைவும் நுனியும் இனத்துக்கு இனம் மாறும். பெண் மட்டும் கிடைத்தால் நிபுணரும் சில சமயம் உதட்டைப் பிதுக்குவார். இன்னொரு வழி மரபணு. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் சுமார் 650 எழுத்து நீளத் துண்டைப் படித்து, சேமித்த பட்டியலோடு ஒப்பிடுவது. பால் ஹெபர்ட்டும் அவரது குழுவினரும் 2003-இல் முன்வைத்த முறை. பட்டியலில் அந்த இனம் ஏற்கெனவே சரியான பெயரோடு இருந்தால்தான் பயன். அந்தப் பெயரை வைத்தவர் மறுபடியும் லென்ஸோடு உட்கார்ந்த ஒரு மனிதர்தான்.

பெயருக்குப் பின்னால் ஆள் பெயரும் ஆண்டும் வருகிறதே, சில சமயம் அடைப்புக்குறிக்குள்?

முதலில் விவரித்தவரும் ஆண்டும். ஏழு புள்ளிப் பொறிவண்டு: கோக்சினெல்லா செப்டெம்பங்டாட்டா லின்னேயஸ், 1758. அவர் வைத்த பேரினத்திலேயே இன்னும் இருக்கிறது, அதனால் அடைப்புக்குறி இல்லை. காண்டாமிருக வண்டையும் அதே ஆண்டு அவர்தான் விவரித்தார், ஆனால் வேறு பேரினத்தில். பிறகு ஓரிக்டஸுக்கு மாற்றினார்கள், அதனால் (லின்னேயஸ், 1758).

பிடித்துச் சேகரிக்கலாமா?

காப்புக்காடுகளில் அனுமதி இல்லாமல் கூடாது, செத்துக் கிடந்ததைக்கூட எடுக்கக் கூடாது என்ற விதி பல நாடுகளில் உண்டு. சில இனங்களுக்கு எங்கிருந்தாலும் சட்டப் பாதுகாப்பு உண்டு. முதலில் அதை விசாரியுங்கள். தடையில்லாத இடத்தில் விளக்கடியில் செத்துக் கிடப்பவையே பழகுவதற்குத் தாராளம். ஒரு சின்ன டப்பாவில் போட்டு, கூடவே இடம், தேதி, எதன்மேல் கிடைத்தது என்று பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டைப் போடுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். சீட்டு இல்லாத வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் யாருக்கும் உதவாது.

கடைசி வரை பெயர் கிடைக்காவிட்டால்?

குடும்பப் பெயரோடு வையுங்கள். தேதி, இடம், செடி, அளவு எல்லாம் சரியாக இருந்தால் யாராவது ஒருநாள் அந்தப் பேரினத்தைத் திருத்தி எழுதும்போது உங்கள் படம் அவருக்கு வேண்டியிருக்கும். என் பெட்டியில் ஒரு கூன்வண்டு இருக்கிறது, நாலு மில்லிமீட்டர், சாம்பல் செதில்கள், இடது கொம்பு முறிந்தது. சீட்டில் "கர்குலியோனிடே" என்று எழுதி, பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அழிப்பதற்கு வசதியாகத்தான் பென்சில்.